புள்ளிக்கணக்கில் வராத பிள்ளைகள்

எங்கள் நகரத்தார் பக்கம் ஓர் ஊரில் எத்தனை பேர் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை புள்ளி என்றுதான் கேட்பார்கள். கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோவில் வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான். அடுத்த கேள்வி, ஒன்பது கோவிலில் நீங்கள் எந்தக் கோவில். ஒரே கோவில் என்றால் பங்காளி; பெண் கொடுப்பதும் எடுப்பதும் கிடையாது. (இளையாத்தங்குடி, மாத்தூர் மாதிரிப் பெரிய கோவில்களில் உட்பிரிவு பார்த்துச் செய்வார்கள்.) கல்யாணத்தன்று இரண்டு வீட்டுக் கோவிலிலிருந்தும் மாலை வரும். மாலை வந்தால் கோவில் ஏட்டில் ஏறிவிட்டது என்று அர்த்தம். எந்த வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) யார் யாருக்குப் பங்கு, யார் யாருக்குப் பிள்ளை கூட்டினார்கள் (பிள்ளை கூட்டுவது என்றால் சுவீகாரம்), எல்லாவற்றுக்கும் எழுத்து உண்டு.

இவ்வளவு கறாரான கணக்கில் ஒரு சாராருக்கு இடமே இல்லை என்பது எனக்கு ஐம்பத்து நாலு வயதில்தான் உறைத்தது. பிறந்து, புள்ளியாவதற்கு முன்பே போய்விட்டவர்கள்.

இதை எழுதுவதற்கு முன் என் அண்ணன் மகளிடம் கேட்டேன். முழுவதையும் படித்தாள். இரண்டு பத்திகளை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். ஊர்ப்பெயரும் அவள் பெயரும் வேண்டாம் என்றாள். அதனால்தான் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

2019 ஐப்பசியில் சென்னையில் ஒரு மருத்துவமனை. அண்ணன் மகளின் முதல் குழந்தைக்கு ஐந்து மாதம். தலை நிற்கவில்லை. கால் இரண்டும் தவளைக்கால் மாதிரி விரிந்து கிடக்கும். ஆனால் கண் இருக்கிறதே, அப்படி ஒரு கண். நாம் எங்கே போனாலும் கூடவே வரும், சிரிக்கும். டாக்டர் குழந்தையின் சட்டையை மேலே தூக்கிவிட்டு, "பாருங்க, மூச்சு இழுக்கும்போது வயிறு மேல எழும்புது, நெஞ்சு உள்ள போகுது" என்றார். பிறகு நாக்கைக் காட்டினார். அதன் ஓரம் மெல்லத் துடித்துக்கொண்டே இருந்தது.

எனக்கு உள்ளங்கை சில்லிட்டது. அந்த மூச்சை நான் முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

ரத்தச் சோதனையில் எஸ்எம்ஏ என்று வந்தது. முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். அறிவுக்கு ஒரு குறையும் கிடையாது, அதனால்தான் அந்தக் கண். ஐந்தாவது குரோமோசோமில் இருக்கும் எஸ்எம்என்1 என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் வேலை செய்யாவிட்டால் இது வரும். நம் எல்லோருக்கும் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி பழுதாக இருந்தாலும் மற்றது சமாளித்துக்கொள்ளும். அப்படி ஒற்றைப் பழுதோடு நன்றாக நடமாடுகிறவரைத்தான் கேரியர் என்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது பேருக்கு ஒருவர் இந்த நோயின் கேரியர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம், அவருக்கே தெரியாது. கேரியரும் கேரியரும் கல்யாணம் செய்துகொண்டால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, குழந்தைக்கு இரண்டு பழுதும் போய்ச் சேர. ஒவ்வொரு கர்ப்பத்திலும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "ஒண்ணு இப்படி ஆயிருச்சுல்ல, இனி மூணு நல்லா இருக்கும்" என்று எங்கள் வீட்டிலேயே ஆறுதல் சொன்னார்கள். போன தடவை என்ன விழுந்தது என்று இந்தச் சோழிக்கு ஞாபகம் இருக்காது.

பதினாறு கோடி ஊசி என்று நீங்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள், அது இந்த நோய்க்குத்தான். 2019 மே மாதம்தான் அமெரிக்காவில் அனுமதி வாங்கியிருந்தது. எங்களுக்கு அது எட்டாத உயரம். குழந்தை மாசி மாதம் போய்விட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

நான் எழுத வந்தது அதற்கு முன் நடந்ததை.

ஜெனடிக் கவுன்சலர் (மரபுநோய் பற்றி ஆலோசனை சொல்பவர்) ஒரு பெண். எங்களை உட்காரவைத்து, ஒரு வெள்ளைத் தாளில் குடும்பத்தை வரைய ஆரம்பித்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். இறந்தவர் மேல் குறுக்கே ஒரு கோடு. நோய் உள்ளவருக்கு உள்ளே முழுக்கக் கருப்பு, கேரியருக்குப் பாதிக் கருப்பு. சொந்தத்தில் கல்யாணம் என்றால் நடுவே இரட்டைக்கோடு. சுவீகாரப் பிள்ளை என்றால் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி. நாலு தலைமுறைக்கு அண்ணன் மூச்சுவிடாமல் சொன்னார். யார் எந்தக் கோவில், யார் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டது, எல்லாம் மனப்பாடம். அந்தப் பெண்ணே அசந்துபோனார். கடைசியில் கேட்டார்: "சின்ன வயசுல இறந்துபோன குழந்தைகள் யாராவது?"

அண்ணன் சட்டென்று, "அப்படி யாரும் இல்ல" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் இருந்த ஏட்டில் அவர்கள் இல்லை, அவ்வளவுதான். நான்தான் வாயைத் திறந்தேன். "அயித்தைக்கு ரெண்டு பிள்ளை தங்கலையே அண்ணே."

அயித்தை என் அப்பச்சியின் (அப்பாவின்) தங்கை. தன் அம்மான் மகனுக்கே வாழ்க்கைப்பட்டவர்கள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். 1971இல் எனக்கு ஆறு வயது. வளவில் தூணோரம் பாயில் துணி விரித்து அந்தக் குழந்தையைப் போட்டிருப்பார்கள். நான் பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அது மூச்சுவிடுவதைப் பார்ப்பேன். வயிறு மேலே, நெஞ்சு உள்ளே. அழுதால் பூனைக்குட்டி மாதிரிக் கேட்கும். அதன் கை ஆத்தங்குடிக் கல் தரையில் சரிந்து விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், நான்தான் எடுத்துத் துணி மேல் வைப்பேன். அதற்கு முன் ஒன்றும் அப்படியே போனது என்பார்கள். அப்போது எனக்கு மூன்று வயது, ஒன்றும் நினைவில்லை.

அயித்தையை அதன் பிறகு என்ன சொன்னார்கள் என்பது நினைவிருக்கிறது. "அவ வயித்துல தங்காது." "அந்த வயித்து ராசி அப்படி." வளைகாப்புக்கு அவர்களைக் கூப்பிடுவார்கள், வளையலைத் தொடவிட மாட்டார்கள். மாமாவை யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 1980இல் பங்காளி வீட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பையனைப் பிள்ளை கூட்டிக்கொண்டார்கள். முறைப்படி எழுத்து, சடங்கு, விருந்து எல்லாம் நடந்தது. அந்த மகன்தான் இன்றுவரை அயித்தையைத் தாங்குகிறார். அவர் பெற்ற பிள்ளையா, வந்த பிள்ளையா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழுந்ததில்லை. அது எங்கள் ஊரின் பெரிய மனது என்று இன்றும் நினைக்கிறேன்.

கவுன்சலர் பெண் அயித்தைக்கும் மாமாவுக்கும் நடுவே இரட்டைக்கோடு இழுத்தார். கீழே இரண்டு சதுரம், இரண்டின் மேலும் குறுக்குக்கோடு. பிறகு பேனாவை மேலே நகர்த்தி என் அப்பத்தாவையும் அவர் தம்பியையும் தொட்டார். அவர்களைப் பெற்ற இருவரில் ஒருவரிடம் ஒரு பழுதான பிரதி இருந்திருக்கலாம். அது அப்பத்தாவுக்கும் போயிருக்கிறது, தம்பிக்கும் போயிருக்கிறது. அப்பத்தா வழியாக அயித்தைக்கு, தம்பி வழியாக மாமாவுக்கு. பிரிந்து போன இரண்டும் ஒரே தொட்டிலில் வந்து சேர்ந்தன. அப்பத்தாவிடமிருந்து அப்பச்சிக்கும் வந்து, அண்ணனுக்கு வந்து, அவர் மகளுக்கும் வந்திருக்கிறது. (பிறகு சோதித்ததில் அண்ணனுக்கு இருந்தது, எனக்கு இல்லை.)

அன்று ரயிலில் திரும்பும்போது எனக்கு ஒன்று விளங்கியது. கோவில் அப்பா வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறது. ஆணுக்கு ஆண் இறங்கும் ஒய் குரோமோசோம் மாதிரி. சித்தப்பா மகள் ஒரே கோவில், அதனால் தங்கை, நினைத்தாலே பாவம். அம்மான் மகள் வேறு கோவில், அதனால் முறைப்பெண். ஆனால் மரபணுவுக்குக் கோவில் தெரியாது. சித்தப்பா மகளோடு எட்டில் ஒரு பங்கு பொது என்றால் அம்மான் மகளோடும் அதே எட்டில் ஒரு பங்குதான். நம் பெரியவர்கள் ஒரு வாசலைப் பூட்டுப்போட்டுப் பூட்டி, இன்னொரு வாசலில் கோலம் போட்டு வைத்தார்கள்.

இதை வைத்துச் சொந்தத்தில் கட்டியவர்களைப் பயமுறுத்துவதும் தப்பு. எந்தத் தம்பதிக்கும் பிறவிக்குறையோடு குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், அம்மான் மகள் என்று கட்டினால் அதோடு இன்னும் இரண்டு மூன்று கூடும். நூற்றில் தொண்ணூற்று நாலு பிள்ளைகள் நன்றாகவே பிறக்கும். தமிழ்நாட்டில் நாலு கல்யாணத்துக்கு ஒன்று சொந்தத்தில் நடக்கிறது. ஊரே நன்றாகத்தான் இருக்கிறது. என் அண்ணன் மகளும் மாப்பிள்ளையும் நேரடிச் சொந்தமே இல்லை, ஜாதகம் பார்த்து வந்த வரன். அப்படியும் வந்தது.

ஆனால் "நேரடிச் சொந்தமில்லை" என்பதற்கு ஒரு கூட்டத்துக்குள் எவ்வளவு அர்த்தம்? 2013இல் வந்த ஆராய்ச்சி ஒன்று, ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த நாட்டில் மக்கள் தாராளமாகக் கலந்திருந்தார்கள், அதன் பிறகுதான் தங்களுக்குள் அடைத்துக்கொண்டார்கள் என்றது. 2017இல் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தின் தங்கராஜும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து செய்த ஆய்வில் தெற்காசியாவின் 263 கூட்டங்களைப் பார்த்தார்கள். 81 கூட்டங்களில் சில முன்னோர்களின் பிரதிகளே திரும்பத் திரும்பச் சுற்றுவது ஃபின்லாந்துக்காரர்களையும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களையும்விட அதிகம். எங்கள் வாட்ஸ்ஆப் குழுவில் வாரத்துக்கு ஒருவர் "நம்ம ரத்தம் கலக்காத ரத்தம்" என்று போடுகிறார். பூம்புகாரிலிருந்து வந்தோம் என்ற வழிவழிக் கதையில் எனக்கும் பெருமைதான். ஆனால் கலக்காத ரத்தம் என்பது மரபணுவில் ஒரு மெச்சத்தக்க தகுதி கிடையாது. வெளியிலிருந்து நல்ல காசு வராத பெட்டகத்தில் ஒரு செல்லாக்காசு இருந்தால், அதுதான் கை மாறி மாறி உள்ளேயே சுற்றும்.

கூட்டத்தின் பெயரைச் சொல்வதால் அவமானமும் வரலாம், உயிரும் பிழைக்கலாம். ஆர்ய வைசியர்களில் பலருக்கு பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இல்லாததற்கான மரபணு மாற்றத்தை 2006இல் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தார் கண்டு எழுதினார்கள். அன்றாட வாழ்வில் அதனால் ஒரு தொந்தரவும் கிடையாது. ஆனால் ஆபரேஷன் மேசையில் ஸ்கோலின் என்ற தசைதளர்த்தி மருந்தைப் போட்டால், சில நிமிடத்தில் திரும்ப வேண்டிய மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. விவரம் தெரிந்த மயக்க மருந்து டாக்டர் அதைக் கேட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொடுவார். அங்கே ஜாதியைக் கேட்பது இழிவுபடுத்த இல்லை. அதே கேள்வி வரன் பார்க்கும் இடத்தில் வந்தால் வேறு மாதிரி வெட்டும்.

அந்த வெட்டுதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

குழந்தை போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அண்ணன் மகள் போனில், "அயித்தை, நீங்க யாருட்டயும் சொல்லிறாதீக. தங்கச்சிக்கு இன்னும் முடியல" என்றாள். அவளுக்கு அடுத்தவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சரி என்று வாக்குக் கொடுத்தேன். அதே வருடம் அப்பத்தாவின் தம்பி வழிப் பேரனுக்கு, எங்கள் வழியிலேயே ஒரு முறைப்பெண்ணைப் பேசி முடித்தார்கள். நிச்சயத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் மஞ்சள் புடவையில் வந்து காலில் விழுந்தாள். என் தாளில் அவள் ஒரு வெள்ளை வட்டம், அவன் ஒரு வெள்ளைச் சதுரம், இருவருக்கும் மேலே கேள்வி. நான் வாயைத் திறக்காமல் திருநீறு பூசிவிட்டு வந்தேன். வாழ்க்கையில் நான் சாப்பிட முடியாமல் எழுந்த பந்தி அது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுக்கு நாற்பது பங்குகாரர்கள் இருப்பார்கள். அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. முகப்பும் வளவும் எல்லோருக்கும் பொது. ஒருவர் அறையில் கரையான் ஏறினால் உத்திரம் பொதுவில்தான் இறங்கும். மரபணு அப்படிப்பட்ட சொத்து. சாவி அவள் கையில் இருப்பது நியாயம், அவள் அறை அது. உத்திரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குச் சொல்லாமலிருப்பதும் நியாயமில்லை. இரண்டு நியாயத்துக்கு நடுவில் எட்டு மாதம் இருந்தேன்.

கவுன்சலரிடமே கேட்டேன். "நான் உங்க சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுச் சொல்ல முடியாதும்மா, அது அவங்களோட தகவல்" என்றார். ஆனால் ஒரு வழி சொன்னார். பெயரே இல்லாத ஒரு கடிதம் தருவார்கள்: உங்கள் உறவில் ஒருவருக்கு இப்படி ஒரு மரபுநோய்க்கான பிரதி இருக்கிறது, விரும்பினால் இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம், செய்வதும் செய்யாததும் உங்கள் விருப்பம். யாருக்கு என்ற விவரம் இருக்காது. அதை அவளிடம் சொன்னபோது நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள், "குடுங்க அயித்தை. ஆனா நீங்களே கொண்டு போய்க் குடுங்க" என்றாள்.

பதினோரு வீட்டுக்குப் போனேன். நிச்சயமான பையன் சோதித்துக்கொண்டான், அவனுக்கு இல்லை. அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு கோவில் மாலையும் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது. (சோதனை முழுப்பூரண உறுதி தராது, சில கேரியர்கள் அதில் தப்பிவிடலாம் என்பதையும் சொல்லித்தான் கொடுத்தேன்.) ஒரு வீட்டில் கடிதத்தைப் படிக்காமலே மடித்துக் கொடுத்தார்கள். பெரியப்பா வழி அண்ணன் ஒருவர், "தெரிஞ்சு என்ன செய்யப் போறேன் ஆத்தா, தெரியாம நிம்மதியா இருந்துக்கிறேன்" என்றார். கல்யாணம் முடிந்த வயதான மனிதர். அவருக்கு அந்த உரிமை உண்டு. தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஓர் உரிமைதான் என்பதை நான் முழுமனதாக ஒத்துக்கொள்கிறேன்.

அண்ணன் மகளின் தங்கைக்குச் சோதித்ததில் கேரியர் என்று வந்தது. வந்த வரனிடம் அவளே சொன்னாள். மறுநாள் தரகரிடமிருந்து, "ஜாதகம் சரியா அமையலையாம்" என்று தகவல். அந்தப் பையன் தன்னைச் சோதித்துக்கொள்ளவே இல்லை. ஐம்பதில் ஒருவன் அவனாகவே இருக்கலாம். இரண்டு பேரும் கேரியராக இருந்தால்தான் குழந்தைக்கு வரும் என்ற ஒரு வரியைக் காது கொடுத்துக் கேட்க ஆளில்லாமல், 1971இல் அயித்தை மேல் போட்ட பழி அரை நூற்றாண்டு கழித்து இந்தப் பெண் மேல் வந்து விழுந்தது. அடுத்து வந்த பையன் கேட்டான், சோதித்தான், அவனுக்கு இல்லை. இப்போது ஒரு ஆண் பிள்ளை இருக்கிறான் அவளுக்கு.

நியூயார்க்கில் யூத மதகுரு ஜோசப் எக்ஸ்டைன் டே-சாக்ஸ் என்ற மரபுநோய்க்கு நாலு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். 1983இல் அவர் தொடங்கிய அமைப்பில் பிள்ளைகளுக்குப் பள்ளி வயதிலேயே ரத்தம் எடுத்து ஒரு எண் கொடுத்துவிடுகிறார்கள். வரன் பேசும்போது இரண்டு எண்ணையும் சொன்னால், பொருந்தும், பொருந்தாது என்று மட்டும் பதில் வரும். பொருந்தும் என்று வந்தால் யார் கேரியர் என்று யாருக்கும் தெரியாது. எங்கள் குழுவில் ஒருவர் இதைப் போட்டு, நம் கோவில்களும் மாலை கொடுக்குமுன் சர்டிஃபிகேட் கேட்கலாமே என்றார். நல்லெண்ணம்தான். எனக்குச் சம்மதமில்லை. கட்டாயம் என்று வந்தால் அந்தக் காகிதம் யார் கையில் போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். பெண் வீட்டுக்காரரின் கையில், மாப்பிள்ளை வீட்டு முகப்பில். நல்ல சந்ததி என்ற பெயரில் அரசாங்கங்கள் என்ன செய்தன என்பதும் ஏட்டில் இருக்கிறது. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கட்டாயக் கருத்தடையைச் சரி என்றது. ஜெர்மனியில் 1933 சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்தார்கள். அவரவர் விரும்பிச் சோதித்து, முடிவை அவரவர் கையில் வைத்துக்கொள்வதோடு நிற்கட்டும். இன்ஷூரன்ஸ் பயமும் பலருக்கு இருக்கிறது. மரபுநோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டில் ஒதுக்குவது பாரபட்சம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018இல் சொன்னது, ஆனாலும் வாயைவிட்டுச் சொல்லத் தயங்குகிறார்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பேரன் ஒருவன், எல்லோரும் எச்சில் துப்பி அனுப்புங்கள், பூர்வீகம் பார்க்கலாம் என்று ஒரு பெட்டியை அனுப்பினான். நான் வேண்டாம் என்றேன். 2023இல் ட்வென்டி த்ரீ அண்ட் மீ என்ற அப்படியொரு நிறுவனத்தில் 69 லட்சம் பேர் விவரம் வெளியே கசிந்தது, 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவாலுக்கு மனுப் போட்டது. என் எச்சிலில் என் கதை மட்டும் இருந்தால் துப்பியிருப்பேன். அதில் பதினோரு வீட்டுக் கதை இருக்கிறது.

அண்ணன் மகள் 2021இல் மறுபடி உண்டானாள். பன்னிரண்டாவது வாரம் நஞ்சுக்கொடியிலிருந்து துளித் திசு எடுத்துச் சோதித்தார்கள். ஆணா பெண்ணா என்று அறிக்கையில் இருக்காது, 1994 சட்டம் தடுக்கிறது. முடிவு வரப் பத்து நாள். "வேற மாதிரி வந்தா என்ன செய்வே" என்று நான் கேட்கவில்லை, யாரையும் கேட்கவிடவுமில்லை. ஒரு ராத்திரி அவளாகவே, "மூத்தது வேணாம்னு நான் சொன்ன மாதிரி ஆயிராதா அயித்தை?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கேரியர், நோய் இல்லை என்று வந்தது. அந்தப் பெண் இப்போது பால்வாடிக்குப் போகிறாள்.

அயித்தையிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. "எண்பதை நெருங்குற மனுஷிக்கு எதுக்குப் பழசைக் கிளறணும்" என்றார் அண்ணன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகு யோசித்தேன். பதினோரு வீட்டுக்குக் கடிதம் கொண்டு போனேன். இந்தத் தகவலுக்கு முதல் பாத்தியதைக்காரி யாரோ, அவர்களை மட்டும் விட்டுவிட்டேன். போனேன். பட்டாலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் முழங்கையை நீட்டி, "என் ரத்தத்தையும் எடுத்துப் பாரு" என்றார்கள்.

கேரியர் என்று வந்தது. மாமா இப்போது இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் இல்லாமல் இது வராது என்று கவுன்சலர் சொன்னதை அப்படியே சொன்னேன். அயித்தை வெகுநேரம் வளவுத் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்ப அவுககிட்டயும் பாதி இருந்துச்சுங்கிற" என்றார்கள். "ஆமா அயித்தை. சரிபாதி." "இதை எங்க மாமியா இருக்கையில ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா."

தாளை விரித்துக் காட்டினேன். கட்டங்களைப் பார்த்து, "ஜாதகமா?" என்றார்கள். விளக்கினேன். இது நீங்க, இது மாமா, நடுவுல ரெட்டைக்கோடு. இது பிள்ளை கூட்டுன தம்பி, ரெண்டு பக்கமும் அடைப்புக்குறி. இது ரெண்டும் உங்க பிள்ளைக. கட்டம்னா ஆண், வட்டம்னா பெண்.

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். முதல் சதுரத்தின் மேல் விரலை வைத்தார்கள்.

"மூத்தது பொம்பளப் பிள்ளைத்தா. மாமியா பேரைத்தான் வச்சிருந்தோம். இதை அழிச்சுட்டு வட்டமா போடு."

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளை, பிள்ளை என்று கேட்டே வளர்ந்து, இரண்டும் ஆண் என்று நானாகவே நினைத்துக் கவுன்சலரிடம் சொல்லியிருக்கிறேன். பேனாவில் போட்டது, அழியாது. உள்ளே போய் வேறு தாள் எடுத்து வந்து, அப்பத்தாவைப் பெற்றவர்களிலிருந்து மறுபடி வரைய ஆரம்பித்தேன். அயித்தை பக்கத்தில் உட்கார்ந்து, தாள் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.